ஊர்வாயில் விழுந்த வாசகம்: முத்திரை வாசகங்கள் பிறப்பதும் நிலைப்பதும்

2023 செப்டம்பரில் இந்தி நடிகர் அனில் கபூர் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் ஓர் இடைக்காலத் தடை விதித்தது. அவருடைய பெயர், குரல், உருவம் ஆகியவற்றை அனுமதியின்றி வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்று சொன்ன அந்த ஆணை, ‘ஜக்காஸ்’ என்ற சொல்லையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. ‘பிரமாதம்’ என்ற பொருளில் மும்பைத் தெருக்களில் புழங்கும் கொச்சைச் சொல் அது. ஒருவர் தம் முகத்துக்கும் பெயருக்கும் உரிமை கோருவது புரிகிறது. ஊரே பேசும் ஒரு சொல்லுக்கு எப்படி உரிமை கோர முடியும்?

சட்ட நூல்களில் மட்டும் தேடினால் இதற்கு முழு விடை கிடைக்காது. ஒரு சொல்லோ தொடரோ எவ்வாறு ஒருவருடைய முத்திரையாகிறது, அதைப் பிறர் ஏன் எடுத்துப் பேசுகிறார்கள், பேசப் பேச அது என்னவாக மாறுகிறது என்பவற்றைப் பார்த்த பிறகே உரிமைக் கேள்விக்கு வர முடியும். முதலில் சொன்னவரே ஒரு வாசகத்தை உருவாக்கிவிடுவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதை முத்திரை வாசகமாக்குபவர்கள் அதைத் திரும்பச் சொல்பவர்கள்தாம். இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது அதையே.

எதை முத்திரை வாசகம் என்கிறோம்?

திரையுலகில் ‘பஞ்ச் டயலாக்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அது கைதட்டலை எதிர்பார்த்தே எழுதப்படும் வசனத்தை மட்டும் குறிக்கும். எந்த எதிர்பார்ப்பும் இன்றிச் சொல்லப்பட்டுப் பிறகு பரவும் தொடர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்து இங்கே முத்திரை வாசகம் என்று குறிப்பிடுவோம். இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் மூன்று வகைகளை முதலில் பிரித்துவிடுவது நல்லது.

1. பழமொழி. இதைச் சொன்னவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. தொல்காப்பியம் இதனை ‘முதுமொழி’ என்கிறது. நுண்மையும் சுருக்கமும் ஒளியும் உடையதாய், குறித்த பொருளை முடித்துவைக்க வருவது என்பது அது தரும் இலக்கணம். ஒரு வழக்கைத் தீர்த்துவைக்கும் சான்று போலப் பழமொழி வந்து நிற்கும்.

2. மரபுத்தொடர். ‘கம்பி நீட்டினான்’ என்றால் ஓடிவிட்டான் என்று பொருள். சொற்களின் நேர்ப்பொருள் வேறு, தொடரின் பொருள் வேறு. இதையும் யாரும் மேற்கோளாகச் சொல்வதில்லை.

3. முழக்கம். இது கூட்டத்தை நோக்கிச் சொல்லப்படுவது. ஒரு செயலைக் கோருவது.

முத்திரை வாசகத்தை இவற்றிலிருந்து பிரித்துக்காட்டுவது அதில் ஒட்டியிருக்கும் குரல். ‘கம்பி நீட்டினான்’ என்பதை எவரும் யாரையும்போல நடித்துச் சொல்வதில்லை. ஆனால் 1977-இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ படத்தில் ரஜினிகாந்த் பேசிய ‘இது எப்படி இருக்கு?’ என்பதைச் சொல்லும்போது, அந்தப் படத்தைப் பார்த்திராதவர்கள்கூடத் தொனியை மாற்றிக்கொள்கிறார்கள். தொடரின் பொருள் மனத்தில் படுவதற்கு முன்பே ஒரு குரல் நினைவுக்கு வருகிறது என்றால் அது முத்திரை வாசகம். அந்தக் குரல் மறந்துபோகும் நாளில் அதுவே மரபுத்தொடராகிவிடும். ஆகவே மேலே பிரித்த வகைகளுக்கு இடையே நிலையான வேலி எதுவும் கிடையாது.

செவிக்கு அடையாளம் தேவைப்பட்ட இடங்கள்

அச்சும் ஒலிபரப்பும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, வாய்மொழியாகப் பாடியவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் தேவைப்பட்டன. ஹோமரின் காவியங்களில் அக்கிலீஸ் ‘விரைந்த காலினன்’ என்றும் விடியல் ‘ரோஜா விரல்கள் கொண்டது’ என்றும் மீண்டும் மீண்டும் சொல்லப்படுகின்றன. இவை கற்பனை வறட்சியால் வந்தவை அல்ல. பாடிக்கொண்டே இயற்றும் பாணனுக்கு யாப்பின் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பிசகாமல் நிரப்பக் கைகொடுத்த ஆயத்தத் தொடர்கள் என்பதை அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி 1920-களிலும் 1930-களிலும் செய்த ஆய்வுகள் நிறுவின. அந்த அணுகுமுறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திக் க. கைலாசபதி எழுதிய ஆங்கில நூல் 1968-இல் வெளிவந்தது.

பாணனின் தேவையை இருபதாம் நூற்றாண்டில் வானொலி வேறொரு வடிவில் மீட்டெடுத்தது. மேடையில் ஒரு பாத்திரம் நுழைந்தால் உடையும் நடையுமே அது யார் என்று காட்டிவிடும். வானொலியில் கண்ணுக்கு வேலையே இல்லை. நேயர் அந்தப் பாத்திரத்தைச் சில நொடிகளுக்குள் அடையாளம் கண்டாக வேண்டும். பி.பி.சி.யில் 1939 முதல் 1949 வரை டாமி ஹேண்ட்லி நடத்திய ‘இட்மா’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சி இந்தச் சிக்கலைத் தீர்த்த விதம் கவனிக்கத்தக்கது. கதவு திறக்கும் ஓசை கேட்கும். உள்ளே வருபவர் தமக்கே உரிய ஒரு வாசகத்தைச் சொல்வார். கர்னல் சின்ஸ்ட்ராப் என்ற குடிகாரப் பாத்திரத்துக்கு யார் எதைச் சொன்னாலும் அது மது அருந்த அழைப்பாகவே காதில் விழும். ‘எனக்கு ஆட்சேபணை இல்லை, அருந்துகிறேன்’ என்ற பொருள்படும் ஒரே வாசகத்தை அவர் வாரந்தோறும் சொல்வார். அது எப்போது வரும் என்று நேயர்கள் காத்திருந்தார்கள். புதிதாக எதையாவது கேட்பதில் கிடைக்கும் சிரிப்பு ஒன்று. வரப்போவது தெரிந்து அது வந்ததும் கிடைக்கும் சிரிப்பு இன்னொன்று. இந்த இரண்டாவது சிரிப்பில்தான் முத்திரை வாசகம் வாழ்கிறது.

இந்திய நேயர்கள் கேட்ட வானொலியில் இந்த வேலையைச் செய்தவை பெரும்பாலும் அறிவிப்புத் தொடர்கள். ரேடியோ சிலோனில் 1952-இல் தொடங்கிய பினாக்கா கீத்மாலா என்ற இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியில் அமீன் சயானி ‘பெஹனோ அவுர் பாயியோ’ என்று சகோதரிகளை முன்னிறுத்தி விளித்தார். வழக்கமான வரிசையை மாற்றியதே அதை அவருடைய முத்திரையாக்கியது. தமிழ் நேயர்களுக்கு ‘செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி’ என்ற அறிவிப்பு அத்தகையது. இந்த வாக்கியத்தைச் சற்று நின்று பார்க்கலாம். ‘சரோஜ் நாராயண்சுவாமி செய்திகள் வாசிக்கிறார்’ என்பது வழக்கமான அமைப்பு. அதில் பெயர் முதலிலேயே வந்துபோய், வினைமுற்று இறுதியில் நிற்கும். ‘வாசிப்பது’ என்று வினையைப் பெயராக்கி முன்னே வைத்ததும், கேட்பவர் ‘யார்?’ என்று ஒரு கணம் காத்திருக்க நேர்கிறது. அந்தக் காத்திருப்பின் மீது பெயர் வந்து இறங்குகிறது. தலைநகரிலிருந்து வந்த ஓர் அலுவல் அறிவிப்பைப் பல்லாயிரம் பேர் வீட்டில் பேசிப்பார்த்ததற்கு அவருடைய கணீர்க்குரல் ஒரு காரணம் என்றால், அந்த வாக்கியத்தின் அமைப்பு மற்றொரு காரணம்.

திரைப்படமும் தொலைக்காட்சியும் விளம்பரமும் இதே வழியில்தான் சென்றன; அவற்றின் வீச்சு கூடியது, செயல்முறை மாறவில்லை.

எந்தத் தொடர் ஒட்டிக்கொள்கிறது?

2012-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 1,000 திரைப்படங்களின் வசனங்களைக் கணினி கொண்டு ஒப்பிட்டார்கள். மக்கள் நினைவில் நின்ற ஒவ்வொரு வசனத்துக்கும் எதிரே, அதே பாத்திரம் அதே படத்தில் பேசிய, ஏறக்குறைய அதே நீளமுள்ள, நினைவில் நிற்காத ஒரு வசனத்தை வைத்தார்கள். அந்த ஆய்வு தந்த இரண்டு முடிவுகளோடு வேறு இரண்டையும் சேர்த்தால் ஒட்டும் தொடரின் இயல்பு ஓரளவு தெளிவாகும்.

1. சொற்கள் அரிதானவை, வாக்கிய அமைப்பு பழகியது. அமைப்பு எளிதாக இருப்பதால் நாக்கு தடுக்குவதில்லை. சொல் புதிதாக இருப்பதால் காது அதைத் தனியே எடுத்துவைத்துக்கொள்கிறது.

2. சூழலிலிருந்து பிடுங்கி எடுக்கலாம். நினைவில் நிற்கும் வசனங்களில் ‘அவன்’, ‘அவள்’ போன்ற படர்க்கைச் சொற்களும் இறந்தகால வினைகளும் குறைவு. ‘இது எப்படி இருக்கு?’ என்பதில் ‘இது’ எதைச் சுட்டுகிறது என்று தொடருக்குள் எங்கும் இல்லை. சுட்டுப்பெயர் வெறும் பாத்திரமாக இருக்கிறது; சொல்பவர் தம் கையிலிருப்பதை அதில் இட்டுக்கொள்ளலாம்.

3. ஒலி ஒழுங்கு. ஆங்கிலத்தில் எதுகை அமைந்த பழமொழிகளையும் அதே கருத்தை எதுகையின்றிச் சொல்லும் தொடர்களையும் மக்களிடம் காட்டியபோது, எதுகை உள்ளவற்றையே அவர்கள் கூடுதல் உண்மையாக மதிப்பிட்டதாக 2000-இல் வெளிவந்த உளவியல் ஆய்வு ஒன்று காட்டியது. நம் யாப்பறிஞர்கள் இதைக் கேட்டு வியந்திருக்க மாட்டார்கள். 1954-இல் வந்த ‘மனோகரா’ படத்தின் ‘பொறுத்தது போதும், பொங்கி எழு’ என்ற வசனத்தில் முதல் மூன்று சீர்களும் மோனையால் பிணைந்திருக்கின்றன. இலக்கணம் அதற்குக் கூழை மோனை என்று பெயரிடும். நான்காவதான ‘எழு’ அந்த ஒலிவரிசையை உடைத்துக்கொண்டு கட்டளையாக வெளிப்படுகிறது. பொறுமை தொடர்ந்ததையும் அது முடிந்ததையும் ஓசையே செய்துகாட்டிவிடுகிறது.

4. திரும்பத் திரும்பக் கேட்பது. இதைப் பற்றிப் பின்னர் தனியே பார்ப்போம். இதில் ஆபத்தும் இருக்கிறது.

இவை போக்குகள்தாம், சட்டங்கள் அல்ல. இத்தனையும் அமைத்து எழுதப்பட்ட எத்தனையோ வசனங்கள் திரையரங்க வாசலைத் தாண்டியதில்லை. எழுதுபவர் வாய்ப்பைக் கூட்டலாம். முடிவைத் தீர்மானிக்க முடியாது.

திரும்பச் சொல்பவர் செய்யும் திருத்தம்

மக்கள் ஒரு வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை என்பதற்குத் தவறாக நினைவில் நிற்கும் மேற்கோள்களே சான்று. ஷெர்லாக் ஹோம்ஸின் முத்திரையாக உலகறிந்த ‘எலிமெண்டரி, மை டியர் வாட்சன்’ என்ற தொடர், கானன் டாயில் அவரை வைத்து எழுதிய 60 கதைகளில் ஒன்றில்கூட அந்த வடிவில் இல்லை. 1893-இல் வந்த ஒரு கதையில் ‘மை டியர் வாட்சன்’ ஓரிடத்திலும் ‘எலிமெண்டரி’ சற்றுத் தள்ளியும் வருகின்றன. இரண்டையும் ஒட்டியவர்கள் பிறர். 1980-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் வில்லன் சொல்வது ‘இல்லை, நான்தான் உன் தந்தை’ என்று; மக்கள் சொல்வதோ ‘லூக், நான்தான் உன் தந்தை’ என்று.

இரண்டு திருத்தங்களிலும் ஒரு பெயர் இடம்பெறுவதைக் கவனிக்க வேண்டும். படத்துக்குள் எதிரே நிற்பவனைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டியதில்லை. படத்துக்கு வெளியே அதே வசனத்தைச் சொல்பவருக்கு, இது எங்கிருந்து எடுத்தது என்று காட்ட ஒரு முகவரி தேவைப்படுகிறது. ‘லூக்’, ‘வாட்சன்’ என்ற பெயர்கள் அந்த முகவரிகள். இவற்றை மறதியின் விளைவு என்று ஒதுக்கிவிடுவது சரியல்ல. புதிய பயன்பாட்டுக்கு ஏற்ற செப்பனிடல் என்றே கொள்ள வேண்டும்.

தமிழில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. 2005-இல் வந்த ‘சந்திரமுகி’யில், தன் மனைவிக்கு நேர்ந்ததை அறிந்த கணவனாகப் பிரபு தன் நண்பனிடம் ‘என்ன கொடுமை சரவணன் இது?’ என்று கேட்கிறார். அது முழுக்கவும் துயரமான இடம். ‘இது என்ன கொடுமை’ என்ற வழக்கமான வரிசை உடைந்து ‘இது’ கடைசிக்குப் போனது அந்தத் தொடருக்கு ஒரு விசித்திரமான இழுப்பைக் கொடுத்தது. 2007-இல் ‘சென்னை 600028’ படத்தில் பிரேம்ஜி அமரன் அதையே ‘என்ன கொடுமை சார் இது’ என்று சொன்னபோது துயரம் நீங்கிச் சிரிப்பு வந்தது. பெயர் போய் ‘சார்’ வந்தது. ‘சரவணன்’ இருந்தவரை அது ஒரு காட்சியின் மேற்கோள். ‘சார்’ ஆனதும் அலுவலகத்திலோ பேருந்திலோ யாரிடமும் சொல்லத்தக்க புலம்பலாயிற்று. இதன் தோற்றுவாய் எது என்று கேட்டால் ஒரே விடை சொல்ல முடியாது. சொற்கள் முதல் படத்தில் பிறந்தன. முத்திரை வாசகம் இரண்டாம் முறை சொல்லப்பட்டபோது பிறந்தது.

நம் காலத்துக்கு மட்டும் உரிய செய்தி அல்ல இது. கார்த்தேஜ் அழிக்கப்பட வேண்டும் என்று ரோமானிய மூப்பவையில் தம் ஒவ்வொரு உரையின் முடிவிலும் கேட்டோ என்ற அரசியல்வாதி வற்புறுத்தியதாகப் புளூட்டார்க் கிரேக்க மொழியில் எழுதிவைத்தார். இன்று எல்லோரும் எடுத்தாளும் ‘கார்த்தாகோ தெலெண்டா எஸ்ட்’ என்ற கச்சிதமான இலத்தீன் தொடர், அந்த வடிவில் பண்டைய நூல் எதிலும் இல்லை. பின்வந்தவர்கள் செதுக்கிய தொடர் அது. நம் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ வேறொரு வகையில் மாறியது. அதில் ஒரு சொல்லும் மாறவில்லை. சுற்றியிருந்த பாட்டு விலகிவிட்டது. புறநானூற்றின் 192-ஆம் பாடலில் அது 13 அடிகளில் முதலடி. வாழ்வு ஆற்றுநீரின் வழிச்செல்லும் மிதவையைப் போன்றது. ஆகவே பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்பதில்தான் கணியன் பூங்குன்றனாரின் பாடல் போய் முடிகிறது. முதலடி மட்டும் உலக ஒருமைப்பாட்டின் வாசகமாகத் தனியே நடக்கிறது. முதலடியைப் போற்றுபவர்கள் மீதிப் பன்னிரண்டு அடிகளையும் ஒருமுறையேனும் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இரவல் குரலின் பயன்

ஒருவர் பாதி வாசகத்தைச் சொல்ல மற்றவர் மீதியை முடிக்கும்போது, இருவரும் ஒரே காலத்தில் ஒரே பொருளைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பது உறுதியாகிறது. எந்த வாசகம் ஒருவர் வாயில் இயல்பாக வருகிறது என்பதைக் கொண்டே அவர் வயதைக் கணித்துவிடலாம்.

இதைவிட முக்கியமான பயன் என்று நான் கருதுவது வேறொன்று. ‘எனக்கு அநியாயம் நடக்கிறது’ என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால் அது முறையீடு. கேட்பவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ‘என்ன கொடுமை சார் இது’ என்று இரவல் குரலில் சொன்னால், மனக்குறை வெளியே வந்துவிடுகிறது, ஆனால் யாருக்கும் பதில் சொல்லும் கடமை வருவதில்லை. மேலதிகாரியின் முன்னிலையிலும் சொல்லலாம். தற்பெருமை, பயம், காதல், கோபம் என்று நேராகச் சொல்லக் கூச்சப்படுபவற்றை எல்லாம் பிறர் குரலைப் போர்த்திச் சொல்வதற்கு முத்திரை வாசகங்கள் வழி செய்கின்றன.

அந்த இரவல் சில நேரங்களில் மிகப் பெரிய கனத்தையும் தாங்கும். முழக்கத்தைக் குறிக்கும் ‘ஸ்லோகன்’ என்ற ஆங்கிலச் சொல், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் படையின் போர்க்குரலைக் குறித்த ஒரு கூட்டுச்சொல்லிலிருந்து வந்தது. பின்னர் விளம்பரத்துறை அதை எடுத்துக்கொண்டது. ‘இந்த மனம் இன்னும் கேட்கிறது’ என்று பொருள்படும் ‘யே தில் மாங்கே மோர்’ என்பது 1998-இல் பெப்சி குளிர்பானத்துக்காக எழுதப்பட்ட விளம்பர வாசகம். 1999 ஜூன் மாதத்தில், கார்கில் போரில் 5140 என்று எண்ணிடப்பட்ட சிகரத்தைக் கைப்பற்றியதை அறிவிக்கும் வெற்றிக்குறியாகக் கேப்டன் விக்ரம் பத்ரா அந்த வாசகத்தையே பயன்படுத்தினார். அடுத்த மாதம் 7-ஆம் தேதி அவர் களத்தில் வீழ்ந்தார். மறைவுக்குப் பின் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. போர்க்களத்தில் பிறந்த வகை விளம்பரத்துக்குப் போய், மீண்டும் போர்க்களத்துக்கே திரும்பிய நிகழ்வு இது. அந்த வாசகத்தைக் கேட்கும் இந்தியர்களில் பலருக்கு இன்று குளிர்பானத்தைவிட அந்த வீரரின் முகமே முன்னால் வருகிறது.

‘இன்குலாப் ஜிந்தாபாத்’ பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அதை 1921-இல் உருவாக்கியவர் மௌலானா ஹஸ்ரத் மோகானி. நாடெங்கும் நிலைநாட்டியவர்கள் 1929 ஏப்ரல் 8 அன்று டெல்லி மத்திய சட்டமன்றத்தில் அதை முழங்கிய பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும். இயற்றியவரும் ஏந்திச்சென்றவர்களும் வேறு வேறு.

கேள்வியை அடைக்கும் தொடர்

ஒரு கூற்றைத் திரும்பக் கேட்பதனாலேயே அது உண்மை என்ற எண்ணம் வலுப்படுகிறது என்பதை 1977-இல் அமெரிக்க உளவியலாளர்கள் நடத்திய சோதனை காட்டியது. பின்னர் வந்த பல சோதனைகள் அதை உறுதிசெய்தன. பழகியதை மனம் எளிதாக ஏற்கிறது. அந்த எளிமையை உண்மையின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. அதற்கும் 16 ஆண்டுகள் முன்பே, 1961-இல், ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற மனநல மருத்துவர் சீனாவில் நடந்த கட்டாயக் கருத்துமாற்றத்தைப் பற்றிய நூலில், சிந்தனையை அங்கேயே முடித்துவைக்கும் தேய்ந்த தொடர்களைப் பற்றி எழுதினார். சிக்கலான ஒரு பிரச்சினை சுருக்கமான, உறுதியாக ஒலிக்கிற, எளிதில் மனப்பாடமாகிற ஒரு தொடருக்குள் அடக்கப்பட்டதும், அதற்கு மேல் யோசிக்க எதுவுமில்லை என்று தோன்றிவிடும் என்பது அவர் கண்டது.

நம் செய்திகளில் நாள்தோறும் வரும் ‘சட்டம் தன் கடமையைச் செய்யும்’ என்ற வாசகத்தை எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி இதில் எழுவாய் ‘சட்டம்’. வழக்குப் பதிபவர், விசாரிப்பவர், தாமதிப்பவர், முடிவெடுப்பவர் என்று மனிதர் எவரும் வாக்கியத்தில் இல்லை. வினை எதிர்காலத்தில் இருக்கிறது, நாள் குறிப்பிடப்படவில்லை. ‘யார், எப்போது, என்ன செய்யப்போகிறீர்கள்?’ என்று கேட்ட செய்தியாளருக்கு இந்த மூன்றில் ஒன்றுக்கும் விடை கிடைக்கவில்லை. ஆனால் விடை சொல்லப்பட்டுவிட்ட உணர்வு மட்டும் அனைவருக்கும் ஏற்பட்டுவிடுகிறது. எந்த முத்திரை வாசகத்தையும் இப்படி எழுவாய், வினை, காலம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் செய்தி படிப்பவர்களுக்கு மிகவும் தேவை.

யாருக்குச் சொந்தம்?

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். சட்டம் இதை மூன்று வழிகளில் அணுகுகிறது.

1. பதிப்புரிமை. இது படைப்புக்கு உரியது; சில சொற்கள் கொண்ட தொடர் பொதுவாகப் படைப்பாகக் கருதப்படுவதில்லை. மேலே சொன்ன ‘யே தில் மாங்கே மோர்’ தொடர்பாகவே பெப்சிக்கும் கோகோ கோலாவுக்கும் நடந்த வழக்கில், விளம்பர வாசகம் முதல் நோக்கில் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வராது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2003-இல் கூறியது.

2. வணிக முத்திரை. ஒரு பொருளோ சேவையோ யாரிடமிருந்து வருகிறது என்று காட்டும் அளவில் ஒரு வாசகத்தைப் பதிவு செய்யலாம். குத்துச்சண்டை அறிவிப்பாளர் மைக்கேல் பஃபர் ‘லெட்ஸ் கெட் ரெடி டு ரம்பிள்’ என்ற தம் அழைப்பை 1990-களில் அவ்வாறு பதிவு செய்தார்.

3. ஆளுமை உரிமை. ஒருவருடைய அடையாளத்தை அவர் அனுமதியின்றிக் காசாக்கக் கூடாது என்பது இதன் அடிப்படை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1962 முதல் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜானி கார்சன் மேடைக்கு வந்தபோதெல்லாம் ‘ஹியர்ஸ் ஜானி’ என்று அறிவிக்கப்பட்டது. நடமாடும் கழிப்பறைகளை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனம் அதையே தன் பெயராக வைத்துக்கொண்டது. அவருடைய குடும்பப் பெயரையோ படத்தையோ அது பயன்படுத்தவில்லை. ஆயினும் அந்த வாசகமே அவருடைய அடையாளம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983-இல் தீர்ப்பளித்தது. 2015-இல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், அவருடைய பெயர், உருவம் ஆகியவற்றோடு வசனம் பேசும் பாணியையும் ஒரு படத் தயாரிப்பாளர் பயன்படுத்தத் தடை விதித்தது.

‘ஜக்காஸ்’ மீதான தடையும் இந்த மூன்றாம் வழியைச் சேர்ந்ததே. நண்பர்களிடையே அந்தச் சொல்லைச் சொல்வதை எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லை. அந்த நடிகரை நினைவூட்டிப் பொருள் விற்பதுதான் தடுக்கப்பட்டது. ஆனால் அந்தச் சொல் அவரை நினைவூட்டுகிறது என்பது எப்படி உண்மையாயிற்று? அவர் சொன்னதைக் கேட்டுப் பல்லாண்டுகள் அவரைப்போலவே சொல்லிப்பார்த்த மக்களால்தான். சட்டம் ஒருவருக்குச் சேர்த்துக்கொடுக்கும் அந்த மதிப்பை உருவாக்கியவர்கள் பெயர் தெரியாத பலர்.

பெயரே சொல்லாமல் ஒரு தொடர் ஆளைக் காட்டும் என்று 1983-இல் அமெரிக்க நீதிமன்றம் கண்டதை, நம் தொகை நூல்கள் வேறொரு கோணத்தில் காட்டுகின்றன. குறுந்தொகையின் சில பாடல்களுக்குப் பாட்டு கிடைத்தது, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. எனவே பாட்டிலிருந்த தொடரே புலவருக்குப் பெயராயிற்று. ‘செம்புலப் பெயனீர் போல’ என்று 40-ஆம் பாடலின் நான்காம் அடியைப் பாடியவர் செம்புலப்பெயனீரார். ‘ஓர் ஏர் உழவன் போல’ என்று பாடியவர் ஓரேருழவனார். 305-ஆம் பாடலின் தலைவி, மூட்டிவிடுவோரும் விலக்கிவிடுவோரும் இன்றித் தாமே பொருது தாமே ஓயும் குப்பைமேட்டுக் கோழிகளின் சண்டையைப் போல, தன் நோயும் தானாக முடிந்தாலன்றிக் களைவோர் இல்லை என்கிறாள். அதைப் பாடியவர் எந்த ஊரினர், யார் மகன் அல்லது மகள் என்பதற்கு எந்தக் குறிப்பும் எஞ்சவில்லை. ஏட்டில் அவர் பெயர் குப்பைக்கோழியார்.